ஒரே ஜன்னல்தான் இருக்கிறது. எளிதாக வளர்ந்து, பூத்து, மணக்கும் ஹோயா கொடி எது?

ஹோயா லகுனோசா வாங்குங்கள். கேட்டால் பலரும் முதலில் கார்னோசா என்ற ஹோயாவைத்தான் சொல்வார்கள். நல்ல செடிதான், ஆனால் அது பூக்கச் சில வருஷம் ஆகலாம். லகுனோசா சின்னச் செடியாக இருக்கும்போதே மொட்டு விட்டுவிடும்.

மலேசியா, இந்தோனேசியா பக்கத்துக் காடுகளில் மரத்தைப் பற்றிப் படரும் கொடி இது. அதனால் சென்னைப் புழுக்கம் அதற்கு ஒத்துப்போகிறது. எருக்கின் குடும்பம், காம்பைக் கிள்ளினால் பால் வரும். பூ சுண்டுவிரல் நகத்தளவுகூட இருக்காது. வெள்ளை இதழில் பொசுபொசுவென்று மயிர், நடுவில் லேசான மஞ்சள், அப்படிப் பல பூக்கள் சேர்ந்து ஒரு கொத்து. பகலில் வாசம் அவ்வளவாகத் தெரியாது. விளக்கு வைக்கும் நேரத்துக்கு மேல்தான் எழும்பும். இனிப்பும் லவங்கப்பட்டையும் கலந்த மணம், ஒரு கொத்து பூத்தாலே அறை முழுக்க வரும். எனக்கு இந்தச் செடி பிடித்துப்போனதே அதற்காகத்தான்.

பூக்கவில்லை என்று உரத்தைக் கொட்டாதீர்கள். வெளிச்சம் போதாததுதான் பெரும்பாலும் காரணம். காலை வெயில் படும் கிழக்கு ஜன்னல் அருமை. உச்சிவெயில் மட்டும் வேண்டாம், இலை கருகும். தோட்டத்து மண்ணும் ஆகாது. தேங்காய் நார்த்தூளோடு பெர்லைட் என்ற லேசான வெள்ளைக் குருணையும் கரித்துண்டும் கலந்து, வேர் கொள்ளும் அளவுக்குச் சின்னத் தொட்டியில் வையுங்கள். பெரிய தொட்டியில் ஈரம் தேங்கி வேர் அழுகும். விரலை விட்டுப் பார்த்து, மேலாகக் காய்ந்த பிறகு தண்ணீர் ஊற்றினால் போதும்.

இனி முக்கியமான விஷயம். பூ உதிர்ந்ததும் ஒரு குட்டிக் காம்பு மொட்டையாக நிற்கும். காய்ந்த குச்சி என்று அதை வெட்டிவிடாதீர்கள். அடுத்த கொத்து அதே காம்பின் நுனியிலிருந்துதான் வரும். வெட்டினால் செடி புதுக் காம்பு விடும்வரை காத்திருக்க வேண்டும். இலையில்லாமல் நீளும் கொடியையும் விட்டுவிடுங்கள், இலை பின்னால் வரும். மொட்டு இருக்கும்போது தொட்டியை இடம் மாற்றினாலோ, தண்ணீர் விடாமல் காயப்போட்டாலோ மொட்டு கொட்டிப்போகலாம்.

அப்புறம், மாவுப்பூச்சி. இலைக்கணுவில் வெள்ளையாகப் பஞ்சு போல ஒட்டியிருந்தால் ஈரத்துணியால் துடைத்துவிட்டு வேப்பெண்ணெய்க் கரைசல் அடியுங்கள்.

இதய வடிவில் ஒற்றை இலையை நட்டு விற்பார்களே, அது கெர்ரி என்ற வேறு வகை. கணு இல்லாமல் வெறும் இலை மட்டும் என்றால் வருஷக்கணக்கில் அப்படியே நிற்கும், கொடியாகாது. நர்சரியில் லகுனோசா எடுக்கும்போது பழைய பூக்காம்பு இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இருந்தால் ஏற்கெனவே பூத்த செடி, விலை கொஞ்சம் கூடினாலும் அதையே எடுங்கள்.