எச்2 பிளஸ் குறையலன்னா மெஷ்ஷ குத்தம் சொல்லாதீங்க

தம்பி, 1 டார் பிரஷர்ல ஹைட்ரஜன் வாயு, 13.56 மெகாஹெர்ட்ஸ் ஆர்எஃப் (ரேடியோ அலைவரிசை) மின்சாரம்னு வச்சு பிளாஸ்மாவ கம்ப்யூட்டர்ல சிமுலேஷன் ஓட்டிருக்கீங்க, ரன் முடிஞ்சு பாத்தா அயனி பூராம் எச்2 பிளஸாவே (ஒரு எலக்ட்ரான எழந்த ஹைட்ரஜன் மூலக்கூறு) நிக்கிது, மெஷ்ஷு (கணக்கு போட எடத்த பிரிக்கிற கட்டம்) தப்பான்னு கேட்டுருக்கீங்க, நீங்க போட்ட ரியாக்‌ஷன் லிஸ்ட்ட பாத்தேன், எச்2 பிளஸ் எச்2 மேல மோதி எச்3 பிளஸும் ஒரு எச் அணுவுமா பிரியிற வரியவே காணோம். அதோட ரேட் நொடிக்கு சுமாரா 2×10⁻⁹ கன செ.மீ, அந்த பிரஷர்ல எச்2 பிளஸுக்கு ஆயுசே 15 நானோசெகண்டு பக்கந்தான், ஒரு ஆர்எஃப் சைக்கிளே 74 நானோசெகண்டு ஆச்சே, பெறகு எங்கிட்டு நிக்கும்? எச்3 பிளஸ் எலக்ட்ரானோட சேந்து அழியிறதையும் சேத்துருங்க.

எச் அணு தனி ரோதனை. சுவத்துல ஒட்டி திரும்ப எச்2 ஆகுறது ஸ்டீல்ல ஜாஸ்தி, குவார்ட்ஸ்ல ரொம்ப கம்மி, எச் அணுவோட எண்ணிக்கை செட்டிலாக ஆயிரக்கணக்குல சைக்கிள் ஓடணும். நாகமலை ரூம்லதான ஓட்டுறீங்க, கரண்ட் போகும், விட்ட எடத்துலருந்து தொடர ரீஸ்டார்ட் ஃபைல் எடுத்து வச்சுக்கங்க.