கேம் வீடியோவும் கொப்பிரைட்டும்: கேள்வி பதில்

கொழும்பில் காணொளி உரிமைக் கோரிக்கைகளைக் கையாள்வதுதான் என் வேலை. கேம் விளையாடி வீடியோ போடும் பிள்ளைகள் அனுப்பிய கேள்விகளுக்கு இன்று பதில் எழுதுகிறேன். வழக்கு என்று வந்துவிட்டால் சட்டத்தரணியிடம்தான் போக வேண்டும்.

கொட்டாஞ்சேனை: அக்கா, காசு குடுத்து வாங்கின கேம். விளையாடிப் பதிவு செய்து போடலாம்தானே?

நீங்கள் வாங்கியது விளையாடும் அனுமதி மட்டும். படம், இசை, வசனம் எல்லாம் செய்தவர்களுடையவை. ஆனால் பெரும்பாலான நிறுவனங்கள் வீடியோ போட விடுகின்றன. அதற்கான விதிகளைத் தங்கள் தளத்திலேயே எழுதி வைத்திருக்கின்றன. நின்டெண்டோவைப் பாருங்கள். 2013இல் இப்படிப்பட்ட வீடியோக்களின் விளம்பரப் பணத்தைத் தன் பக்கம் எடுத்தது. 2015இல் பங்கு கொடுக்கும் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. 2018இல் அதையும் கைவிட்டு, சொந்தப் படைப்பாற்றலோ கருத்தோ சேர்த்தால் போடலாம் என்று வழிகாட்டி வெளியிட்டது. ஒரே நிறுவனத்தின் விதியே இத்தனை தடவை மாறியிருக்கிறது. அதனால் ஒவ்வொரு கேமுக்கும் இன்றைய விதியைப் படித்துவிட்டுப் போடுங்கள்.

வெள்ளவத்தை: எங்கள் நாட்டில் நியாயமான பயன்பாடு என்று ஒன்று இருக்கிறதா?

இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், 11ஆம் பிரிவு. விமர்சனம், கருத்து, செய்தி, கற்பித்தல், ஆய்வு போன்றவற்றுக்காகப் பயன்படுத்தினால் அது மீறல் ஆகாது என்கிறது. அதைத் தீர்மானிக்க நான்கு விஷயங்களைப் பார்ப்பார்கள்: எதற்காகப் பயன்படுத்தினீர்கள் (காசுக்காகவா என்பதும் இதில் அடங்கும்), மூலப் படைப்பு எப்படிப்பட்டது, எவ்வளவு எடுத்தீர்கள், அதனால் அதன் சந்தைக்கு என்ன பாதிப்பு. அமெரிக்கக் கொப்பிரைட் சட்டத்தின் 107ஆம் பிரிவும் கிட்டத்தட்ட இதேதான்.

எனக்கு நான்காவதுதான் முக்கியம். பந்தயக் கேம், சண்டைக் கேம் பார்த்தவருக்கு அதை விளையாடும் ஆசை கூடலாம். கதையை வாசிப்பதுபோல் நகரும் கேமை முடிவுவரை போட்டுவிட்டால், பார்த்தவர் பிறகு ஏன் வாங்கப் போகிறார்? 2023இல் ஜப்பானின் செண்டாய் மாவட்ட நீதிமன்றம், அப்படிப்பட்ட கதைக் கேமின் வீடியோவையும் சுருக்கிய அனிமேக்களையும் போட்டு விளம்பரப் பணம் எடுத்தவருக்கு 2 வருடச் சிறை விதித்து, அதை 5 வருடத்துக்கு ஒத்திவைத்தது. கூடவே 10 லட்சம் யென் அபராதம். எந்தப் பேச்சும் இல்லாமல் முழுக் கதையையும் போடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வத்தளை: 30 செக்கன் வரை எடுக்கலாமாமே?

அப்படி ஒரு விதி எங்கும் இல்லை.

தெமட்டகொட: எனக்கு கிளெய்ம் வந்துவிட்டது! சேனல் போய்விடுமா?

பயப்படாதீர்கள் தம்பி. கன்டென்ட் ஐடி கிளெய்ம் வேறு, ஸ்ட்ரைக் வேறு. முதலாவது, யூடியூப்பின் தானியங்கி முறை உங்கள் வீடியோவில் இன்னொருவரின் படைப்பைக் கண்டுபிடித்து எழுப்பும் உரிமைக் கோரிக்கை. இரண்டாவது, உரிமையாளரின் முறைப்பாட்டால் வீடியோ நீக்கப்பட்டு சேனல் மீது விழும் எச்சரிக்கை. கிளெய்மில் அநேகமாக விளம்பரப் பணம் உரிமையாளருக்குப் போகும், அவ்வளவுதான். மறுத்தால், அவர் பதில் சொல்ல 30 நாள் உண்டு. ஸ்ட்ரைக்தான் ஆபத்து: 90 நாளுக்குள் மூன்று விழுந்தால் சேனலே நீக்கப்படலாம். ஸ்ட்ரைக் வந்தாலும் கோபத்தில் கவுன்டர் நோட்டீஸ் (வீடியோவை நீக்கியது தவறு என்று கொடுக்கும் எதிர் அறிவித்தல்) அனுப்பிவிடாதீர்கள். காரணம் கீழே.

பம்பலப்பிட்டி: 40 மணித்தியாலம் நான் விளையாடியது. பேனா செய்தவன் கவிதைக்குச் சொந்தக்காரனா?

நல்ல கேள்வி. இதே வாதம் 1983இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறது. கேலக்ஸியன் கேமின் வேகத்தைக் கூட்டும் சிப் விற்ற நிறுவனத்தின் மீதான வழக்கு அது. விளையாடுவது நாவல் எழுதுவதுபோல் அல்ல, டிவியில் சேனல் மாற்றுவதுபோல்தான் என்றார்கள் நீதிபதிகள். எந்த வரிசையில் காட்சி வரும் என்பதை ஆட்டக்காரர் ஓரளவு தீர்மானிக்கிறார், ஆனால் அந்தக் காட்சிகளை வரைந்தவர் அவர் இல்லை. பேனா தானாகப் படம் வரையாது தம்பி, கேம் வரையும்.

பம்பலப்பிட்டி, மறுபடி: அது பழைய ஆர்கேட் கேம். இன்றைக்கு அது பொருந்துமா?

கல்கிசையிலிருந்து இன்னொருவர்: கட்டைகளை அடுக்கிக் கட்டும் மைன்கிராஃப்ட் கேமில் நான் கோயில் கட்டினேன். அந்தக் கோபுரத்தை எந்த நிறுவனம் வரைந்தது?

இரண்டு பேரும் என்னை யோசிக்க வைத்துவிட்டீர்கள். கோபுரம் விஷயத்தில் நான் இறங்கி வருகிறேன். அதன் வடிவம் உங்கள் கற்பனை என்று வாதிட நன்றாகவே இடம் இருக்கிறது. 1983 தீர்ப்பு அப்படி ஒரு கேமைப் பார்க்கவில்லை. ஆனால் எழுதி முடித்த கதைக்குள் நடந்துபோகும் கேமுக்கு அந்தத் தீர்ப்பு இன்றும் பொருந்தும் என்றே நினைக்கிறேன். எதுவானாலும் உங்கள் குரல், கருத்து, எடிட்டிங் உங்களுடையவை. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மருதானை: கீழே 'உரிமை மீறும் நோக்கம் இல்லை' என்று எழுதினால்?

எழுதினாலும் ஒன்றுதான், எழுதாவிட்டாலும் ஒன்றுதான். கம்பனியின் பெயரைப் போட்டு நன்றி சொல்வதும் அனுமதி ஆகாது.

தெகிவளை: 10 செக்கன் என்றால்?

வத்தளைக்குச் சொன்ன பதிலைப் பாருங்கள். 7 செக்கன், 15 செக்கன் என்று கேட்ட மற்ற நான்கு பேருக்கும் அதுதான்.

கிராண்ட்பாஸ்: கவுன்டர் நோட்டீஸ் அனுப்பினால் வீடியோ திரும்ப வரும் என்று நண்பன் சொல்கிறான்.

வரலாம். முறைப்பாடு செய்தவர் 10 வேலை நாளுக்குள் வழக்குப் போட்டதைக் காட்டாவிட்டால் வரும். ஆனால் அந்தப் படிவத்தில் என்ன எழுதிக் கொடுக்கிறீர்கள் என்று நண்பன் சொன்னாரா? உங்கள் உண்மையான பெயரும் முகவரியும் எதிர்த் தரப்புக்குப் போகும். பொய் சொன்னால் குற்றம் என்று ஏற்று உறுதிமொழி கொடுக்கிறீர்கள். கொழும்பில் இருந்துகொண்டே அமெரிக்க நீதிமன்றத்தின் அதிகாரத்துக்குச் சம்மதிக்கிறீர்கள். பதினெட்டு வயதுகூட ஆகாத பிள்ளைகள் இதை வாசிக்காமலே அழுத்துகிறார்கள், எனக்கு வயிறு கலங்குகிறது. உங்கள் பக்கம் நியாயம் உறுதியாக இருந்தால் மட்டும், பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அனுப்புங்கள்.

கொம்பனித்தெரு: கேமுக்கு ஒன்றும் வரவில்லை, பக்கத்து வீட்டு எஃப்எம்மில் ஓடின சினிமாப் பாட்டுக்கு கிளெய்ம் வந்தது!

இது அடிக்கடி நடக்கிறது. யூடியூப் எடிட்டரில் அந்தப் பகுதியை மட்டும் வெட்டலாம், அல்லது பாட்டின் சத்தத்தை நீக்கலாம். நீக்கியதும் கிளெய்ம் விலகும். கேமுக்குள்ளேயே வரும் பாட்டுகளாலும் இதே தொல்லை வரும். சைபர்பங்க் 2077 போன்ற சில கேம்களில் உரிமையுள்ள பாட்டுகளை மட்டும் அணைக்கும் வசதி இருக்கிறது. பதிவு தொடங்கும் முன் செட்டிங்ஸில் ஒருமுறை தேடிப் பாருங்கள்.