உங்கள் நண்பர் யாரிடம் தோற்பார்?

கேள்வி: இங்கே அமெரிக்காவில் என் நண்பர் ஒருவர் நகர மன்றத் தேர்தலில் நிற்கப்போகிறார். அதுவும் மூன்று முறை ஜெயித்த கவுன்சிலரை எதிர்த்து! பணமும் இல்லை, பின்னால் ஆளும் இல்லை. 'உட்கார்ந்திருப்பவரை எழுப்ப முடியாது, வீணாகக் கையைச் சுட்டுக்கொள்ளாதே' என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்துவிட்டேன், கேட்கிற மாதிரி தெரியவில்லை. நான் குடியுரிமை வாங்கிப் பன்னிரண்டு வருடம் ஆகிறது; அதிபர் தேர்தலைத் தவிர வேறு எதற்கும் ஓட்டுப் போட்டதில்லை, உள்ளூர்த் தேர்தல் எந்த மாதத்தில் வருகிறது என்றுகூடத் தெரியாது. நீங்களாவது நண்பருக்குப் புத்தி சொல்லக்கூடாதா?
— பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்

பதில்: சொல்கிறேன், ஆனால் நண்பருக்கு இல்லை. புத்தி தேவைப்படுகிறவர் கேள்வியின் நடுவிலேயே தன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டார். அவரிடம் அப்புறம் வருகிறேன்.

உட்கார்ந்திருப்பவரை எழுப்புவது கஷ்டம் என்று நீங்கள் சொன்னது சரிதான். லாஸ் ஏஞ்சலஸ் நகர மன்றத்தில் 15 இடங்கள். 2003-க்குப் பிறகு 17 ஆண்டுகள், மறுபடியும் நின்ற உறுப்பினர் ஒருவர்கூட அங்கே தோற்கவில்லை. கேரளத்தில் பிறந்தவரும் நகரத் திட்டமிடல் படித்தவருமான நித்யா ராமன், 2020-ல் டேவிட் ரியூவைத் தோற்கடித்துத்தான் அந்தக் கணக்கை முடித்துவைத்தார்.

17 வருடமாக அங்கே எல்லோரும் அப்படியொரு பொற்கால ஆட்சியா நடத்தினார்கள்? வாடகை ஏறியது, தெருவில் படுப்பவர்கள் பெருகினார்கள், புலம்பாத ஆளில்லை. ஆனாலும் யாரும் தோற்கவில்லை. விடை தேர்தல் தேதியில் இருக்கிறது. அந்த நகரம் அதுவரை தன் தேர்தலை ஒற்றைப்படை ஆண்டுகளில், மார்ச்சிலும் மே மாதத்திலும் நடத்திவந்தது. அதிபர் தேர்தல் இல்லை, கவர்னர் தேர்தல் இல்லை. தொலைக்காட்சியில் பேச்சே இருக்காது. மேயரையே தேர்ந்தெடுத்த 2013 தேர்தலில் பதிவான வாக்கு 23 சதவீதம்தான். 2015-ல் வாக்காளர்களே ஒரு திருத்தத்தை நிறைவேற்றி, 2020 முதல் நகரத் தேர்தலை இரட்டைப்படை ஆண்டின் பெரிய தேர்தலோடு சேர்த்துவிட்டார்கள்.

விளைவைப் பாருங்கள். 2015-ல் ரியூ முதல்முறை ஜெயித்தபோது அந்தத் தொகுதியில் விழுந்த மொத்த ஓட்டு முப்பதாயிரத்தைத் தொடவில்லை. ஐந்து வருடம் கழித்து, அவர் தோற்ற நாளில், ஒரு லட்சத்தைத் தாண்டியது. கூடுதலாக வந்தவர்கள் புதிதாகக் குடியேறியவர்கள் இல்லை ஐயா. பெரும்பாலும் அதே வீடுகளில் அதுவரை சும்மா இருந்தவர்கள்தான், உங்களைப் போல. (ரியூவும் 2015-ல் நகர மன்ற வட்டாரத்துக்கு வெளியாள் என்று சொல்லிக்கொண்டு வந்தவர்தான். ஒரே பதவிக்காலத்தில் உள்ளாள் ஆகிவிட்டார். இந்த நோய் எல்லோரையும் பிடிக்கும்.)

கூட்டம் இல்லாத தேர்தலில் யார் வந்து ஓட்டுப் போடுகிறார்கள் என்று யோசியுங்கள். தன் வீட்டு வாசலில் மரக்கிளை வெட்டித் தரப்பட்டவர், தெருவிளக்குக்காகப் போன் செய்து காரியம் நடந்தவர், நகராட்சி ஊழியர் சங்கத்துக்காரர், நகரத்தோடு ஒப்பந்தம் உள்ளவர், வீட்டு உரிமையாளர் சங்கத்தின் செயலாளர். இவர்கள் ஒவ்வொருவரையும் கவுன்சிலருக்குப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரியும். அவர் அலுவலகம் அனுப்பும் செய்திமடலில், பூங்கா திறப்புப் படத்தில், அவர் முகம் வருடம் முழுக்க வந்துகொண்டே இருக்கும். செலவு நகரத்துக்கு. எல்லாம் சட்டப்படிதான், தன் வேலையைச் செய்வதே அவருக்குப் பிரச்சாரமாகிவிடுகிறது. போதாததற்கு, பெரும்பாலான அமெரிக்க நகரங்களில் வாக்குச்சீட்டில் கட்சிப் பெயர் கிடையாது. வெறும் பெயர்கள். எதிலோ பார்த்த பெயருக்கும் எங்கேயும் பார்க்காத பெயருக்கும் நடுவே மனிதன் எதற்கு டிக் அடிப்பான்?

பணத்தைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறீர்கள். எனக்கு அது அவ்வளவு பெரிய சுவராகத் தெரியவில்லை, சில நகரங்களில் அதற்கு ஏணியும் இருக்கிறது. நியூயார்க்கின் திட்டத்தில் சேர்ந்த வேட்பாளருக்கு நகரவாசி ஒருவர் 10 டாலர் கொடுத்தால், நகரம் தன் பங்காக 80 டாலர் போடுகிறது. ஒன்றுக்கு எட்டு. கவுன்சில் வேட்பாளருக்கு ஒருவர் கொடுக்கும் முதல் 175 டாலர் வரை இந்தக் கணக்கு ஓடும். சியாட்டிலில் 2017 முதல், தேர்தல் ஆண்டில் நான்கு 25 டாலர் சீட்டுகளை மக்களிடமே கொடுத்துவிடுகிறார்கள், பிடித்த வேட்பாளருக்குக் கொடுங்கள் என்று. பணமே எல்லாம் என்றால் 2019-ல் அதே சியாட்டிலில் அமேசான் நிறுவனம் நகர மன்றத் தேர்தலில் இறக்கிய சுமார் 15 லட்சம் டாலருக்கு ஏதாவது பலன் தெரிந்திருக்க வேண்டும். அது முக்கியமாகக் குறிவைத்த கவுன்சிலர் க்ஷமா சாவந்த் ஜெயித்துவிட்டார்.

பணத்தைவிட மோசமானது வேறு ஒன்று: விதிகளை எழுதும் பேனா யார் கையில் என்பது. நியூயார்க் மக்கள் 1993-லும் 1996-லும், இரண்டு முறைக்கு மேல் தொடர்ந்து பதவி வேண்டாம் என்று ஓட்டுப் போட்டுச் சொன்னார்கள். 2008-ல் நகர மன்றம் 29-க்கு 22 என்ற கணக்கில் தனக்கும் மேயர் ப்ளூம்பெர்க்குக்கும் மூன்றாவது முறை நிற்க வழி செய்துகொண்டது. மக்களிடம் திரும்பக் கேட்கவில்லை. அடுத்த வருடத் தேர்தலில் சில உறுப்பினர்கள் இதற்கு விலை கொடுத்தார்கள்: ஆலன் கெர்சனை மார்கரெட் சின்னும், கெண்டல் ஸ்டூவர்ட்டை ஜுமானி வில்லியம்ஸும் வீழ்த்தினார்கள். 2010-ல் மக்கள் மறுபடி இரண்டே முறை என்று ஆக்கிவிட்டார்கள்.

லாஸ் ஏஞ்சலஸில் இன்னும் நுணுக்கமாக நடந்தது. நித்யா ராமன் ஜெயித்த மறு வருடமே தொகுதி எல்லைகளைத் திருத்தினார்கள். அவருக்கு ஓட்டுப் போட்ட தொகுதியில் கிட்டத்தட்ட நாற்பது சதவீதம் பேர் வேறு தொகுதிக்குப் போய்விட்டார்கள். அந்த நேரத்தில் மன்றத் தலைவர் நூரி மார்ட்டினெஸும் இரண்டு உறுப்பினர்களும் ஒரு தொழிற்சங்கத் தலைவரும் எல்லையை யாருக்கு வாகாக வரைவது என்று பேசிய பேச்சு, இனவெறி வசவுகளோடு, 2022 அக்டோபரில் ஒலிப்பதிவாக வெளியே வந்தது. மார்ட்டினெஸ் ராஜினாமா செய்தார். அந்த இரண்டு உறுப்பினர்களில் ஒருவரான கில் செடிலோ அந்த ஆண்டு ஜூன் மாதமே ஒரு புதியவரிடம் தோற்றிருந்தார். இன்னொருவரான கெவின் டி லியோன் மட்டும் நகரமாட்டேன் என்று உட்கார்ந்திருந்தார். 2024-ல் இசபெல் ஹுராடோ என்ற வழக்கறிஞர் எழுப்பிவிட்டார். அதே தேர்தலில், எல்லை வரையும் வேலையை நகர மன்றத்திடமிருந்து பிடுங்கித் தனி ஆணையத்திடம் கொடுக்கவும் மக்கள் சம்மதித்தார்கள்.

'உட்கார்ந்திருப்பவரை எழுப்ப முடியாது' என்றீர்கள். சிகாகோவில் பேட்ரிக் ஓ'கானர் 1983 முதல் 36 வருடம் உட்கார்ந்திருந்தார். மேயரின் வலது கை, நிதிக்குழுத் தலைவர். 2019-ல் அவரை எழுப்பியவர் ஆண்ட்ரே வாஸ்கெஸ், ஒரு காலத்தில் மேடையில் ராப் பாட்டுச் சண்டை போட்டவர். அதே ஆண்டு, 1991 முதல் இருந்த ஜோ மூரும் போனார். மேயர் பதவியையும் சேர்த்துக்கொண்டால் 1981-ல் வெர்மாண்ட் மாநிலத்தின் பர்லிங்டனில், பின்னாளில் செனட்டரான பெர்னி சாண்டர்ஸ், ஐந்து முறை ஜெயித்த கார்டன் பாக்கெட்டைத் தோற்கடித்தார். வித்தியாசம் 10 ஓட்டு. அதற்கு முன் மாநில அளவில் நின்ற தேர்தல் எல்லாவற்றிலும் தோற்றவர் சாண்டர்ஸ். அன்று அவருக்கு ஓட்டுப் போட்டவர்களில் பதினோரு பேர் வீட்டிலேயே இருந்திருந்தால் அவரை இன்று யாருக்கும் தெரிந்திருக்காது.

க்ஷமா சாவந்த் கதையும் அப்படித்தான். புனேயில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். 2012-ல் மாநில சட்டமன்றத்துக்கு, அவைத் தலைவரையே எதிர்த்து நின்று 29 சதவீதம் வாங்கித் தோற்றார். உங்களைப் போன்ற நண்பர்கள் அன்றைக்கும் கையைச் சுட்டுக்கொண்டாயே என்று சொல்லியிருப்பார்கள். மறு வருடமே, சியாட்டில் நகர மன்றத்தில் 16 வருடம் இருந்த ரிச்சர்ட் கான்லினை எதிர்த்து நின்றார். முதல் நாள் எண்ணிக்கையில் ஏழெட்டு சதவீதம் பின்தங்கியிருந்தார். அங்கே தபால் ஓட்டு. கடைசி நேரத்தில் போட்டவர்களின் ஓட்டு எண்ண எண்ண முன்னேறி, மூவாயிரம் சொச்ச ஓட்டில் ஜெயித்தார். ஆனால் இதே சாவந்த் 2021-ல் பதவியில் இருப்பவராக, தன்னைத் திரும்ப அழைக்கும் வாக்கெடுப்பைச் சந்தித்தபோது தப்பித்தது சுமார் 300 ஓட்டில். நாற்காலி யாருக்கும் பட்டா போட்டுக் கொடுக்கப்படவில்லை, அவருக்கும்தான்.

இவர்களையெல்லாம் பார்த்துவிட்டு நண்பர் நாளைக்கே மாலை வாங்க வேண்டாம். புதிதாக நிற்பவர்களில் பெரும்பாலோர் தோற்கத்தான் செய்கிறார்கள், பலர் தங்கள் தவறாலேயே. நகர மன்றத்தின் கையில் எது இருக்கிறது என்று தெரியாமல் பள்ளிக்கூடத்தைச் சரிசெய்வேன் என்று பேசுவார்கள். அது பல ஊர்களில் தனியாகத் தேர்ந்தெடுக்கப்படும் பள்ளி வாரியத்தின் வேலை. அந்தக் கவுன்சிலர் மன்றத்தில் எதற்கு ஆதரவாக, எதற்கு எதிராகக் கை தூக்கினார் என்ற பதிவு பொதுவில் கிடைக்கும். அதைப் படிக்காமல் 'மாற்றம் வேண்டும்' என்று மட்டும் சொல்வார்கள். மாற்றம் எல்லோருக்கும் வேண்டும், எதிலிருந்து எதற்கு என்று சொன்னால்தான் ஓட்டு விழும்.

அப்புறம் கையெழுத்து. வேட்பு மனுவோடு தொகுதி வாக்காளர்களின் கையெழுத்து கேட்கும் ஊராக இருந்தால், கேட்பதைப் போல் இரண்டு மூன்று மடங்கு வாங்கச் சொல்லுங்கள். சிகாகோவில் 473 கேட்டார்கள் என்றால் 473 கொடுத்தவன் தொலைந்தான். முகவரி தப்பு, பதிவு இல்லை என்று ஒவ்வொன்றாக அடிப்பார்கள். 1996-ல் இலினாய் மாநில செனட்டுக்கு நின்ற பராக் ஒபாமா, எதிரிகளின் மனுக்களில் இருந்த கையெழுத்துகளை இப்படித்தான் கேள்வி கேட்டு, அப்போது பதவியில் இருந்த ஆலிஸ் பாமர் உட்பட எல்லோரையும் களத்திலிருந்தே வெளியேற்றினார். புதியவர்கள் மட்டும்தான் விதியில் மாட்டுவார்கள் என்றில்லை.

இன்னொன்று, வேறு எத்தனை பேர் எதிர்த்து நிற்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். அதிக ஓட்டு வாங்கியவர் ஜெயித்தார் என்கிற ஊரில் நான்கு பேர் எதிர்த்து நின்றால், எதிர்ப்பு ஓட்டை நாலாகப் பிரித்துக்கொண்டு பழையவரைத் தோளில் தூக்கி உட்கார வைப்பார்கள். லாஸ் ஏஞ்சலஸ், சிகாகோ போல பாதிக்கு மேல் வாங்காவிட்டால் இரண்டாம் சுற்று என்றால் பரவாயில்லை. மினியாபோலிஸில் 2009 முதலும் நியூயார்க்கின் உட்கட்சித் தேர்தலில் 2021 முதலும் இருப்பது போல 1, 2, 3 என்று வரிசைப்படுத்தும் முறை என்றால் இன்னும் நல்லது. எதிர்த்து நிற்கும் மற்றவர்களின் ஆட்களிடமும் போய் 'இரண்டாவது இடமாவது கொடுங்கள்' என்று கேட்கலாம்.

வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டுவதற்கு மாற்று எதுவும் இதுவரை வரவில்லை. இது நண்பருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும், அவர் உங்களைவிட விவரமானவராகத் தெரிகிறார்.

இனி உங்கள் விஷயம். பன்னிரண்டு வருடத்தில் அந்தக் கவுன்சிலர் மூன்று முறை ஜெயித்திருக்கிறார். மூன்று முறையும் நீங்கள் ஊரில்தான் இருந்திருக்கிறீர்கள். அவரை எழுப்ப முடியாது என்று நண்பரிடம் அடித்துச் சொல்கிற நீங்கள், அவரை எழுப்ப ஒருமுறையாவது எழுந்து போனீர்களா? அவருக்குப் பிடித்த வாக்காளர் நீங்கள்தான். குறை சொல்வீர்கள், ஆனால் வரமாட்டீர்கள். நண்பர் தோற்றால் அந்தக் கவுன்சிலரிடம் தோற்றதாக நீங்கள் எல்லோரிடமும் சொல்வீர்கள். எனக்கு அதில் சந்தேகம் இருக்கிறது.

கடிதத்தில் ஒன்றை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டீர்கள். நண்பர் மனுவை எடுத்துக்கொண்டு கையெழுத்துக்கு உங்கள் வீட்டுக்கு வந்தாரா? வந்திருந்தால், போட்டீர்களா?