எங்கே நின்று பார்ப்பது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

குலாம் முகமது ஷேக் பற்றி நீங்கள் எழுதிய குறிப்பைப் படித்துவிட்டு அவருடைய ஓவியங்களைத் தேடிப் பார்த்தேன். ‘நெடுநாள் கழித்து வீடு திரும்புதல்’ படத்தில் வீடுகள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியதுபோல இருக்கின்றன. மேலே பாரசீகச் சிற்றோவியத்திலிருந்து எடுத்த தேவதூதர்கள், கீழே ஓர் அம்மா. அளவும் ஒத்துவரவில்லை, தூரமும் ஒத்துவரவில்லை. அடுத்தவர் படத்தை வெட்டி ஒட்டுவது எப்படிப் படைப்பாகும்? கிண்டலாகக் கேட்கவில்லை.

— ஒரு வாசகர், மதுரை

அன்புள்ள நண்பருக்கு,

கிண்டலாகவே கேட்டிருந்தாலும் பரவாயில்லை, நல்ல கேள்வி.

தள்ளிப் போகப் போகப் பொருள் சிறுக்கும் என்பது ஓரிடத்தில் ஆணியடித்தாற்போல் நிற்பவனின் கணக்கு. சொந்த ஊரை அப்படி நின்று பார்த்தவர் யார்? முகலாய, ராஜஸ்தானிச் சிற்றோவியங்களில் கண் நடந்துகொண்டே இருக்கும். மாடியை மேலிருந்து பார்க்கும், வாசலை நேரெதிரே பார்க்கும். ஷேக் அந்த நடையைத்தான் எடுத்துக்கொண்டார்.

1937இல் குஜராத்தின் சுரேந்திரநகரில் பிறந்தவர். பரோடாவில் படித்து, 1963இல் லண்டன் ராயல் கலைக் கல்லூரிக்குப் போய், 1966இல் திரும்பினார். நீங்கள் சொல்லும் படத்தை 1969இல் தொடங்கி 1973இல்தான் முடித்தார். அந்த அம்மாவை இன்னொரு முறை பாருங்கள். புகைப்படத்தை வைத்து வரைந்த அவருடைய சொந்த அம்மா. மதில் சூழ்ந்த வீடுகளுக்கு வெளியே, நமக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறாள். ஊரை நினைத்தால் அம்மா பெரிதாகவும் வீடுகள் சின்னதாகவும்தானே வரும்? மேலே புராக் என்ற விண்ணுலகக் குதிரையில் நபி செல்லும் காட்சி. அந்தத் தெருவில் வளர்ந்த பையனின் வானத்தில் அதுவும் உண்டு.

அப்புறம் ஒட்டுவேலை. இதற்கு அவருடைய ‘மாப்பாமுண்டி’ வரிசையைப் பார்க்க வேண்டும். இடைக்கால ஐரோப்பிய உலகப்படத்துக்கு அப்படிப் பெயர். ஜெர்மனியின் எப்ஸ்டோர்ஃப் மடத்தில் 13ஆம் நூற்றாண்டு உலகப்படம் ஒன்று இருந்தது. 30 ஆட்டுத்தோல்களைத் தைத்துச் செய்தது. கிழக்கு மேலே, எருசலேம் நடுவில், விளிம்புகளில் கிறிஸ்துவின் தலையும் கைகளும் பாதங்களும். 1943இல் ஹனோவரில் விழுந்த குண்டில் எரிந்துபோனது. ஷேக்குக்குக் கிடைத்தது அதன் படம் அச்சிட்ட ஓர் அஞ்சலட்டை. அதைக் கணினியில் ஏற்றி, கபீரையும் மஜ்னுவையும் பொன்மானைத் துரத்தும் ராமனையும் உள்ளே குடியேற்றி, அச்செடுத்து, மேலே தூரிகையால் தீட்டினார். எரிந்த படத்தின் நகலுக்கு நகல். இதில் யாரிடமிருந்து திருடினார் என்று சொல்வது?

இந்த வரிசையில் எல்லாமே எனக்குப் பிடிக்கும் என்றில்லை. சிலவற்றில் ஆள்கூட்டம் அதிகமாகி மூச்சு முட்டுகிறது.

அடுத்து ‘விற்பனைக்கு ஒரு நகரம்’ பாருங்கள். 1981 முதல் 84 வரை வரைந்தது, இப்போது லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆளை விழுங்கும் பெரிய கேன்வாஸ். போனில் பார்த்தால் வெறும் வண்ணக் குழப்பமாகத் தெரியும், கணினியில் பெரிதாக்கித் துண்டுதுண்டாகப் பாருங்கள். நடுவே தியேட்டரில் ‘சில்சிலா’ என்ற இந்திப் படம் ஓடிக்கொண்டிருக்கிறது, வெளியே பரோடாவில் கலவரம். தியேட்டரில் இருப்பவர்களுக்கு அது தெரியுமா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.