பேப்பரில் வரும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள்

மக்கள் தொடர்புத் தொழில் பற்றிக் கேட்டு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த முறை பதில் எழுதுகிறேன். புதிய வாசகர்களுக்காக: நான் ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் மக்கள் தொடர்பு (பி.ஆர்.) பிரிவில் வேலை பார்த்துவிட்டு, இப்போது கிருஷ்ணகிரியில் சொந்தமாக ஒரு சிறிய நிறுவனம் நடத்துகிறேன்.

பெங்களூரில் ஒரு பி.ஆர். ஏஜென்சியில் இரண்டு வருடமாக வேலை. அதை விட்டுவிட்டுக் கிருஷ்ணகிரியில் சொந்தமாகத் தொடங்க ஆசை. "அங்கே யார் காசு கொடுத்து பி.ஆர். பண்ணுவாங்க?" என்று நண்பர்கள் சிரிக்கிறார்கள். நடக்குமா அக்கா?
– வாசகர், பாலக்கோடு

நடக்கும் தம்பி. ஆனால் பெங்களூரில் செய்ததையே இங்கே செய்தால் நடக்காது. அங்கே வாடிக்கையாளரை வேறு யாரோ பிடித்துத் தந்தார்கள். நீங்கள் செய்திக் குறிப்பு எழுதி, நிருபர்களின் பெரிய பட்டியலுக்கு மெயில் தட்டிவிட்டால் அன்றைய வேலை முடிந்தது. இங்கே பட்டியலே கிடையாது. மாவட்ட நிருபர்கள் பாதிப் பேரை கலெக்டர் ஆபீஸ் பக்கத்து டீக்கடையிலேயே பார்த்துவிடலாம். ஒருவரிடம் பொய் சொன்னால் சாயங்காலத்துக்குள் எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

யார் காசு கொடுப்பார்கள் என்பதற்கு வருகிறேன். மாங்கூழ் ஆலை முதலாளியிடம் போய் "உங்களைப் பற்றிப் பேப்பரில் போட வைக்கிறேன்" என்று ஆரம்பித்தால் காபி கொடுத்து அனுப்பிவிடுவார். அவருடைய சரக்கை வாங்குகிறவர் கடல் தாண்டி இருக்கிறார், நம்மூர் மாவட்டப் பக்கத்தைப் படிக்கப் போவதில்லை. ஆனால் கூழுக்குப் போகும் பெங்களூரா ரக மாங்காய் விலை விழுந்த வருடங்களை நினைத்துப் பாருங்கள். விவசாயிகள் ரோட்டுக்கு வருகிறார்கள், ஆலைக்காரர்கள் சிண்டிகேட் போட்டுவிட்டார்கள் என்று பேட்டி கொடுக்கிறார்கள், கலெக்டர் முத்தரப்புக் கூட்டம் கூட்டுகிறார். விவசாயி சொல்வதில் நியாயம் இருக்கும். ஆலைக்காரரிடம் போன வருடக் கூழ் விற்காமல் டிரம் டிரம்மாகக் கிடந்தால் அதுவும் நிஜம். அதைக் கணக்கோடு சொல்ல ஆலைத் தரப்பில் ஆள் இருக்காது, முதலாளி போனை அணைத்து வைத்திருப்பார். கழிவுநீர் ஏரியில் கலக்கிறது என்று புகார் வரும்போதும் இதே கதைதான். உங்கள் வேலை அங்கே இருக்கிறது. கோடையில் ஆலை ஓட ஆரம்பித்த பிறகு போனால் யாருக்கும் உட்கார நேரம் இருக்காது, ஜனவரியிலேயே போய்ப் பேசுங்கள். அப்போதே கழிவுநீர் எங்கே போகிறது என்று கேட்டுவிடுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் அந்த வாடிக்கையாளர் வேண்டாம்.

ஓசூர் சிப்காட்டைச் சுற்றியுள்ள சின்ன உதிரிபாகக் கம்பெனிகளுக்குக் கவலை வேறு. ஆர்டர் வந்துவிடும், ஆள்தான் கிடைக்க மாட்டார்கள். ஐடிஐ முடித்த பையனும் அவன் அம்மாவும் "அந்தக் கம்பெனி நல்ல கம்பெனி" என்று நம்ப வேண்டும், அவ்வளவுதான். அதற்குப் பத்திரிகையே தேவைப்படாமலும் போகலாம். ஒன்று, தெலுங்கும் கன்னடமும் பேசுகிற ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் தமிழை மட்டும் வைத்துக்கொண்டு முழு வேலை நடக்காது.

யாரிடம் போனாலும் முதல் சந்திப்பிலேயே ஒன்றைச் சொல்லிவிடுங்கள்: "செய்தி வரும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்." எதைப் போடுவது என்பது ஆசிரியர் குழுவின் முடிவு. நம் கையில் இல்லாததை விற்றால் அடுத்த மாதமே சண்டை. இதைக் கேட்டுப் பாதிப் பேர் போய்விடுவார்கள். இருக்கிறவர்கள் வருடக்கணக்கில் இருப்பார்கள். நிலையாகப் பணம் தருகிற இரண்டு மூன்று பேர் அமையும்வரை பெங்களூர் வேலையை விட வேண்டாம்.

தனியார் பள்ளி அலுவலகத்தில் வேலை. பள்ளி விழாச் செய்தியை நிருபர்களுக்கு அனுப்பினால் போடுவதே இல்லை. நான் அனுப்பியதை இணைத்திருக்கிறேன். என்ன தப்பு மேடம்?
– வாசகி, காவேரிப்பட்டணம்

இணைப்பைப் படித்தேன். "மாபெரும் அறிவியல் கண்காட்சி வெகு விமரிசையாக நடைபெற்றது" என்று தொடங்குகிறது. பிறகு தலைமை தாங்கியவர், முன்னிலை வகித்தவர், வரவேற்றவர், குத்துவிளக்கு ஏற்றியவர் என்று இரண்டு பத்தி முழுக்கப் பெயர்கள். நான்காவது பத்தியில், போகிற போக்கில், எட்டாம் வகுப்பு மாணவிகள் தங்கள் ஊர் ஆழ்துளைக் கிணற்று (போர்) தண்ணீரைப் பாட்டிலில் கொண்டுவந்து ஃப்ளோரைடு இருக்கிறதா என்று பரிசோதித்துக் காட்டினார்கள் என்று ஒரு வரி.

செய்தி அதுதானே அம்மா! நம் கிருஷ்ணகிரி, தருமபுரி இரண்டு மாவட்டத்திலும் ஃப்ளோரைடு தண்ணீரால் பல் கறை பிடித்து, மூட்டு மடங்காமல் போனவர்களைப் பார்த்தே வளர்ந்திருக்கிறோம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே இந்தத் தண்ணீர்ப் பிரச்சினைக்காக வந்தது. "வீட்டுப் போர் தண்ணீரைப் பரிசோதித்த எட்டாம் வகுப்பு மாணவிகள்" என்று முதல் வரியை மாற்றுங்கள். எத்தனை மாதிரிகள், எப்படிச் சோதித்தார்கள் என்பது அடுத்த வரி. ஒரு மாணவி தன் வாயால் சொன்னது ஒரு வரி. தாளாளர் பெயர் கடைசியில் வரட்டும், அவரிடம் நான் சொன்னதாகச் சொல்லிக்கொள்ளுங்கள்.

ஆனால் எந்த ஊர்த் தண்ணீரில் அளவு மீறியிருக்கிறது என்று எழுதுவதற்கு முன் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் ஒருமுறை கொடுத்துப் பாருங்கள். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃப்ளோரைடு இருந்தால் அது குடிக்கிற தண்ணீர் இல்லை. பள்ளிக்கூடச் சோதனைக் கிட்டை மட்டும் நம்பி ஊர்ப் பெயரைப் போட்டால் ஊரே திரண்டு வரும்.

இன்னும் சில: பழைய தமிழ் எழுத்துருவில் அடித்து அனுப்பாதீர்கள், அவர்கள் கணினியில் கட்டம் கட்டமாகத் தெரியும். யூனிகோடில் வாட்ஸ்அப் செய்தியாகவே அனுப்புங்கள். படத்தை 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பினால் தரம் குறையாது. படத்தில் இருப்பவர்களின் பெயர் இடமிருந்து வலம். எல்லாம் மாலை நான்கு மணிக்குள். ஏழு மணிக்கு அனுப்பிவிட்டு எட்டு மணிக்கு "வந்துடுமா சார்?" என்று கேட்கிறவர்களின் எண்ணை நிருபர்கள் எடுப்பதில்லை.

பிரஸ் மீட் வைத்தால் நிருபர்களுக்குக் கவரில் பணம் வைத்துக் கொடுத்தே ஆக வேண்டும் என்கிறார்கள். உண்மையா?
– வாசகர், தருமபுரி

கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள், வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். நான் கொடுப்பதில்லை. டீ, வடை, மதியம் ஆகிவிட்டால் சாப்பாடு, அதோடு சரி. இதனால் சில மீட்டில் நாற்காலிகள் காலியாக இருந்ததும் உண்டு. பணம் வாங்கிக்கொண்டு விளம்பரத்தைச் செய்தி மாதிரி போடுவது பற்றி இந்தியப் பத்திரிகை கவுன்சில் 2010-லேயே அறிக்கை கொடுத்துவிட்டது. காசு செலவழிக்க ஆசை என்றால் விளம்பரம் கொடுங்கள், பில் வரும். கவர் வாங்கியவர் அடுத்த முறை எதிராளியிடமும் வாங்குவார். அப்போது நீங்கள் என்ன சொல்வீர்கள்?

ஓசூரில் ஒரு கம்பெனியின் மனிதவளப் பிரிவில் இருக்கிறேன். இயந்திரத்தில் சிக்கி ஒரு தொழிலாளிக்குக் கையில் காயம். நிருபர்கள் வந்ததும் எம்.டி. கேட்டைப் பூட்டச் சொன்னார். மறுநாள் "தொழிலாளி பலி" என்றே வந்துவிட்டது. வழக்குப் போடலாமா?
– பெயர் வேண்டாம் என்ற வாசகர்

வழக்கை விடுங்கள். மறுப்பை இரண்டு வரியில், ஆஸ்பத்திரி விவரத்தோடு இன்றே அனுப்புங்கள். கேட்டைப் பூட்டினால் நிருபர் எங்கே போவார்? எதிர்க் கடையில் கேட்பார். கடைக்காரர் ஆம்புலன்ஸைத்தான் பார்த்திருக்கிறார்.

1906 அக்டோபரில் அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டியில் ஒரு ரயில் பாலத்திலிருந்து தண்ணீருக்குள் கவிழ்ந்தது. 50 பேருக்கு மேல் இறந்தார்கள். விபத்தை மூடி மறைப்பதுதான் அந்தக் காலத்து ரயில் கம்பெனிகளின் வழக்கம். ஐவி லீ என்ற ஆலோசகர் கம்பெனியின் பெயரிலேயே ஒரு அறிக்கை எழுதிப் பத்திரிகைகளுக்குக் கொடுத்தார், நிருபர்களைச் சம்பவ இடத்துக்கும் வரவழைத்தார். இன்று நாம் எழுதும் பிரஸ் ரிலீஸுக்கு அதைத்தான் முதல் முன்மாதிரியாகச் சொல்வார்கள். நூறு வருடம் தாண்டியும் நம் எம்.டி.க்கள் பூட்டைத் தேடுகிறார்கள்.

அடுத்த முறை (வரக்கூடாது, வந்தால்) முதலில் குடும்பத்துக்குச் சொல்லுங்கள், தொழிலகப் பாதுகாப்புத் துறைக்குத் தகவல் போகட்டும். ஒரு மணி நேரத்துக்குள் கேட்டுக்கு வெளியே வந்து என்ன நடந்தது, எங்கே சிகிச்சை, அடுத்த தகவல் எத்தனை மணிக்கு என்று சொல்லுங்கள். யார் தவறு என்று மட்டும் ஊகிக்க வேண்டாம். அதிலும் "தொழிலாளியின் கவனக்குறைவு" என்று அன்றைக்கே சொல்கிற கம்பெனியை இந்த ஊர் மறக்காது.

இதற்கு என்ன படிக்க வேண்டும்?
– மாணவி, ஊத்தங்கரை

இதழியல் படித்தால் நல்லது, சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தில் அதற்குத் துறை இருக்கிறது. வேறு பட்டம் இருந்தாலும் வரலாம். தமிழ் சினிமாவின் முதல் பி.ஆர்.ஓ. (மக்கள் தொடர்பாளர்) என்று சொல்லப்படும் பிலிம் நியூஸ் ஆனந்தன் கேமராவோடு வந்தவர். வந்த படங்களின் விவரத்தை எல்லாம் குறித்து வைத்தார், அதனால் எல்லாரும் அவரைத் தேடிப் போனார்கள். நீங்களும் குறித்து வைக்கப் பழகுங்கள்.

கட்டணம் எப்படிக் கேட்பது? கேட்டாலும் இழுத்தடிக்கிறார்கள்.
– வாசகர், பர்கூர்

வந்த செய்திக்கு இவ்வளவு என்று கேட்காதீர்கள், மாதக் கட்டணமாகப் பேசுங்கள். என்னென்ன வேலை என்பதை ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். சேவைத் தொழிலுக்கு வருட வரவு 20 லட்சம் தாண்டும்வரை ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமில்லை. அத்திப்பள்ளி தாண்டிக் கர்நாடகத்தில் வாடிக்கையாளர் இருந்தாலும் இதே வரம்புதான். வரம்பைத் தாண்டினால் 18 சதவீதம் வரி.

சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இலவசம், இன்றே செய்யுங்கள். ஆயிரம் ரூபாய் கேட்கும் இணையதளங்களை நம்ப வேண்டாம். பதிவு இருந்தால், எழுத்து ஒப்பந்தம் உள்ள பில்லுக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் வர வேண்டும் என்பது சட்டம். ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாமதித்தால், பணம் கொடுக்கும்வரை வாடிக்கையாளர் அந்தச் செலவை வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியாது. பில்லிலேயே உத்யம் எண்ணைப் போட்டுவிடுங்கள். நிலுவை இருந்தால் மார்ச் முதல் வாரத்தில் முதலாளிக்கு வேண்டாம், அவருடைய ஆடிட்டருக்கு போன் பண்ணுங்கள்.