ஒரு கல்லூரி சாஃப்ட்பால் அணியின் எந்த சீசன் உங்கள் மனதில் நிற்கிறது? ஏன்?

எனக்கு யோசிக்கவே வேண்டியதில்லை. 2023-ல் ஓக்லஹோமா பல்கலைக்கழகப் பெண்கள் அணி ஆடிய சீசன். மொத்தம் 62 ஆட்டம், 61 வெற்றி, ஒரே ஒரு தோல்வி. அமெரிக்கக் கல்லூரி சாஃப்ட்பாலின் முதல் பிரிவில் இதைவிட நல்ல வெற்றி விகிதத்தோடு எந்த அணியும் சீசனை முடித்ததில்லை. ஆனால் அந்த எண்ணிக்கைக்காக மட்டும் இந்த அணி எனக்குப் பிடித்துப்போகவில்லை. ஒரே ஆளை நம்பி நிற்காத ஒரு அணியை அங்கே பார்த்தேன். அதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல நினைக்கிறேன்.

நான் ஊரில் கல்லூரி அணிக்குக் கேட்சராக, அதாவது பேட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிப்பவளாக ஆடியவள். கல்யாணத்துக்குப் பிறகு டல்லாஸ் பக்கம் வந்து குடியேறினோம். இங்கே பிப்ரவரி பிறந்தால் ஜூன் வரை டிவியில் கல்லூரி சாஃப்ட்பால் ஓடிக்கொண்டே இருக்கும். கேட்சராக இருந்தவளுக்கு எந்த ஆட்டத்தைப் பார்த்தாலும் முதலில் கண் போவது பந்து வீசும் பிட்சர் மேல்தான். அதனால் நான் சொல்வதில் பிட்சிங் கொஞ்சம் தூக்கலாக இருக்கும்.

விளையாட்டு தெரியாதவர்களுக்காக நாலு வரி. பேஸ்பாலின் தங்கைதான் சாஃப்ட்பால். பந்து பெரிது, மைதானம் சிறிது. ரன் எடுக்க ‘பேஸ்’ என்ற நான்கு முனைகளையும் சுற்றி ஓடி வர வேண்டும். பிட்சர் கையை மேலே தூக்கி எறியக் கூடாது. கையை ஒரு முழுச் சுற்றுச் சுழற்றி இடுப்பருகிலிருந்து கீழ்வாக்கில் விட வேண்டும். பிட்சருக்கும் பேட்டருக்கும் நடுவே 43 அடிதான். அந்தத் தூரத்தில் நல்ல பிட்சர் மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் வீசினால், அடிப்பதா விடுவதா என்று முடிவு செய்ய அரை நொடிகூடக் கிடைக்காது. ஒரு ஆட்டத்துக்கு ஏழு இன்னிங்ஸ். ஐந்து இன்னிங்ஸ் முடிந்த நிலையில் ஒரு அணி எட்டு ரன் முன்னால் இருந்தால் கல்லூரி ஆட்டத்தை அங்கேயே முடித்துவிடுவார்கள். சீசன் கடைசியில் 64 அணிகள் மோதி, எட்டு அணிகள் மட்டும் ஓக்லஹோமா சிட்டியில் நடக்கும் மகளிர் கல்லூரி உலகத் தொடருக்கு வரும்.

சரி, 2023-க்கு வருவோம். அதற்கு முந்தைய இரண்டு ஆண்டும் பட்டம் ஓக்லஹோமாவுக்குத்தான். ஆனால் 2022-ஓடு ஜோஸ்லின் ஆலோ படிப்பை முடித்துப் போய்விட்டார். கல்லூரி வாழ்க்கையில் 122 ஹோம் ரன் (பந்தை வேலிக்கு வெளியே அனுப்பும் அடி) அடித்தவர். முதல் பிரிவில் அது சாதனை. அவர் பேட்டோடு நடந்து வந்தாலே, அடிக்க விடாமல் சும்மா முதல் பேஸுக்கு அனுப்பிவிடலாமா என்று எதிரணி யோசிக்கும். அப்படி ஒருவர் போன இடத்தை யார் நிரப்புவது என்றுதான் பிப்ரவரியில் எல்லாரும் பேசினார்கள்.

பயிற்சியாளர் பேட்டி காஸோ இன்னொரு ஆலோவைத் தேடவில்லை. இருப்பவர்கள் ஒருபுறம்: டியாரே ஜென்னிங்ஸ், ஜேடா கோல்மன், கிரேஸ் லயன்ஸ், கேட்சர் கின்ஸி ஹேன்சன். அவர்களோடு வேறு கல்லூரிகளிலிருந்து மாறி வந்த சிட்னி சாண்டர்ஸ், ஹேலி லீ, அலிசா பிரிட்டோ. வரிசையில் முதல் ஆளிலிருந்து ஒன்பதாவது ஆள் வரை எங்கே மூச்சு விடுவது என்று எதிரணி பிட்சருக்குத் தெரியாது. காஸோ 1995 முதல் இதே அணியில் இருக்கிறார். தொடக்க காலத்தில் அவர் அணிக்குச் சொந்த மைதானம்கூடக் கிடையாது. நார்மன் ஊரின் பொதுப் பூங்காவில்தான் ஆடினார்கள். 1998-ல்தான் பல்கலைக்கழகத்துக்குள் மைதானம் வந்தது, 2000-ல் முதல் பட்டம். அந்த நீண்ட பொறுமை அவர் அணி அமைக்கும் விதத்திலும் தெரிகிறது என்பது என் எண்ணம்.

பிட்சிங்தான் எனக்கு அதைவிடப் பெரிய விஷயம். சாஃப்ட்பாலில் ஒரு பழைய வழக்கம் உண்டு. கீழ்வாக்கில் வீசுவதால் தோள் அவ்வளவாகக் கெடாது என்று நம்பி, ஒரே பிட்சரை நாள் தவறாமல் இறக்குவார்கள். நல்ல பிட்சர் ஒருத்தி கிடைத்துவிட்டால் போதும், அவள் முதுகில் மொத்த சீசனையும் ஏற்றிவிடுவார்கள். எங்கள் கல்லூரியிலும் அதுதான் நடந்தது. காலையில் ஒரு ஆட்டம், மதியம் ஒரு ஆட்டம், இரண்டிலும் அதே அக்காதான். மூன்றாவது முறை அதே பேட்டர் வந்து நிற்கும்போது, நான் என்ன சைகை காட்டினாலும் பந்து எங்கே வரும் என்று அவளுக்கு முன்பே தெரிந்திருக்கும். அடி விழுவதை உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

2023 ஓக்லஹோமாவில் ஜோர்டி பால், மிச்சிகனிலிருந்து வந்த அலெக்ஸ் ஸ்டொராகோ, நிக்கோல் மே என்று மூன்று பேர். மூன்று பேருமே வேறு எந்த அணியில் இருந்தாலும் முதல் பிட்சர்தான். முதலாண்டு மாணவி கியர்ஸ்டன் டீல் நான்காவது. ஒருவர் கை ஓய்ந்தால் அடுத்தவர் தயார். பேட்டர் ஒரு வேகத்துக்குக் கண்ணைப் பழக்கிக்கொள்வதற்குள் ஆள் மாறிவிடும். ஃபீல்டிங் தவறால் போன ரன்களைக் கழித்துவிட்டால், சீசன் முழுவதும் ஏழு இன்னிங்ஸுக்குச் சராசரியாக ஒரு ரன்கூட இந்த அணி விடவில்லை. பிட்சிங் பயிற்சியாளர் ஜெனிஃபர் ரோச்சாவின் பெயரை இந்த சீசனைப் பற்றிப் பேசுகிறவர்கள் போதுமான அளவு சொல்வதில்லை என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

அந்த ஒரே தோல்வி சீசன் தொடங்கிய வேகத்திலேயே வந்துவிட்டது. முதல் எட்டு ஆட்டத்தையும் ஜெயித்துவிட்டு, பிப்ரவரி 19 அன்று டெக்சஸின் வேக்கோவில் பேய்லர் அணியிடம் 4-3 என்று தோற்றார்கள். ஒரு வாரம் கழித்துக் கலிஃபோர்னியாவில் யூசிஎல்ஏவை 14-0 என்று ஐந்து இன்னிங்ஸில் முடித்து அனுப்பினார்கள். யூசிஎல்ஏ சாதாரண அணி இல்லை, சாஃப்ட்பாலில் பரம்பரைப் பெரிய வீடு. அதற்குப் பிறகு தோல்வி என்பதே இல்லை. பிக் 12 என்ற கல்லூரிக் கூட்டமைப்பில் 18 ஆட்டம், 18 வெற்றி. கூட்டமைப்புப் போட்டியின் இறுதியில் டெக்சஸ். பிறகு 64 அணிகள் மோதும் போட்டி; நார்மனில் நடந்த அதன் முதல் சுற்றில் ஹோஃப்ஸ்ட்ரா, மிசூரி, கலிஃபோர்னியா. இவற்றில் பெரும்பாலானவை ஒருபக்க ஆட்டங்கள், அதனால் நீட்டவில்லை.

அடுத்த சுற்றில், மே கடைசியில், கிளெம்சன் வந்தது. தெற்குக் கரோலினாவின் இந்த அணி 2020-ல்தான் ஆடவே தொடங்கியது. அதன் உயிர்நாடி வலெரி கேகிள். அவரேதான் பிட்சர், அவரேதான் முக்கிய பேட்டர். அந்த ஆண்டின் சிறந்த கல்லூரி வீராங்கனை விருதும் அவருக்குத்தான் கிடைத்தது. மூன்று ஆட்டத்தில் இரண்டை வென்றவர் ஓக்லஹோமா சிட்டிக்குப் போகலாம். முதல் ஆட்டம் 9-2 என்று ஓக்லஹோமாவுக்கு. இரண்டாவதில் கிளெம்சன் புரட்டி எடுத்தது. ஏழாவது இன்னிங்ஸ், ஓக்லஹோமா 4, கிளெம்சன் 7.

அப்பா அப்போது ஊரிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்தார். கிரிக்கெட்டில் ஊறியவர். சோபாவில் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "ரெண்டு அவுட் போச்சேம்மா, அவ்வளவுதானா?" என்றார். "மூணாவது விழணும்ப்பா" என்றேன். இரண்டு பேர் பேஸில் நிற்கிறார்கள். பேட்டோடு வந்து நின்றவர் கின்ஸி ஹேன்சன். ஏழு இன்னிங்ஸ் பேட்டருக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து எழுந்தவளுக்குத் தொடை எப்படிக் கடுக்கும் என்பது எனக்குத் தெரியும். அடித்தார். பந்து வேலியைத் தாண்டியது. மூன்று ரன், 7-7. அப்பா எழுந்தே நின்றுவிட்டார். சமன் ஆனதால் ஆட்டம் ஏழு இன்னிங்ஸைத் தாண்டிப் போனது; ஒன்பதாவது இன்னிங்ஸில் ஜென்னிங்ஸ் ஒரு ஹோம் ரன் அடித்து 8-7 என்று முடித்தார்கள்.

அது தொடர்ச்சியாக 48-வது வெற்றி. 1996, 97-ல் அரிசோனா அணி வைத்திருந்த 47 வெற்றிச் சாதனை அந்த ராத்திரி உடைந்தது. 1998 முதல் ஆடிவந்த மரீட்டா ஹைன்ஸ் மைதானத்தில் ஓக்லஹோமாவுக்குக் கடைசி ஆட்டமும் அதுவே. அடுத்த ஆண்டு புது மைதானத்துக்குப் போய்விட்டார்கள். இவ்வளவும் ஒரே ஆட்டத்தில்! இந்த அணி தொடர்ந்து ஜெயித்ததால் அதற்குப் பதற்றமே இருந்திருக்காது என்று சிலர் பேசுவார்கள். அந்த ஏழாவது இன்னிங்ஸைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

ஓக்லஹோமா சிட்டியில் முதல் ஆட்டம் ஸ்டான்ஃபோர்டோடு. 2-0 என்று தப்பித்தார்கள். தப்பித்தார்கள் என்றே சொல்கிறேன், ஏனென்றால் ஸ்டான்ஃபோர்டின் முதலாண்டு மாணவி நைஜாரி கேனடி அப்படி வீசினார். அவர் பந்து பேட்டரை நெருங்கும்போது மேலே ஏறுவதுபோல் கண்ணுக்குத் தெரியும், பேட் அதற்குக் கீழே காற்றை வெட்டும். டென்னஸியை 9-0 என்று முடித்துவிட்டு, அரையிறுதியில் மறுபடியும் அதே ஸ்டான்ஃபோர்ட். ஏழு இன்னிங்ஸில் முடியவில்லை, எட்டிலும் முடியவில்லை. ஒன்பதாவதில் ஜென்னிங்ஸ் ஒரு டபுள் (இரண்டாவது பேஸ் வரை போகும் அடி) அடித்து இரண்டு பேரை ஓடி வந்து ரன் எடுக்க வைத்தார். 4-2. கிளெம்சனோடு ஹேன்சனுக்குப் பின் ஜென்னிங்ஸ், இங்கே மறுபடியும் ஜென்னிங்ஸ். ஆலோ போன பிறகு கடைசி நேரத்தில் யார் அடிப்பார்கள் என்று பிப்ரவரியில் கேட்டவர்களுக்கு இந்த ஆட்டங்களே பதில்.

இறுதியில் ஃபுளோரிடா ஸ்டேட். முதல் ஆட்டத்தில் ஜோர்டி பால் ஒரு ரன்கூட விடவில்லை, 5-0. இரண்டாவது ஆட்டம் ஜூன் 8. இந்த சீசனில் ஒரே ஒரு காட்சியைக் காட்டு என்றால், இந்த ஆட்டத்தின் ஆரம்பத்தில் ஜேடா கோல்மன் பிடித்த கேட்சைத்தான் காட்டுவேன். ஃபுளோரிடா ஸ்டேட் பேட்டர் அடித்த பந்து வேலிக்கு மேலே போய்க்கொண்டிருக்கிறது. கோல்மன் பந்தின் மேல் வைத்த கண்ணை எடுக்காமல் ஓடி, எம்பி, வேலிக்கு மேல் கையை நீட்டி அதை இழுத்துக்கொண்டு வந்தார். ஹோம் ரன் ஆகியிருக்க வேண்டிய பந்து அவுட் ஆனது.

நான்காவது இன்னிங்ஸில் மேக் லெனர்ட் ஹோம் ரன் அடித்து ஃபுளோரிடா ஸ்டேட்டை முன்னால் கொண்டுபோனார். ஐந்தாவதில் சாண்டர்ஸ் ஒன்று அடித்துச் சமன் செய்தார், அவருக்கு அடுத்து வந்த லயன்ஸ் இன்னொன்று. முந்தைய ஆண்டு வேறு கல்லூரியில் ஆடிய பெண்ணும், தொடக்கத்திலிருந்து இங்கேயே இருந்த அணித் தலைவியும் அடுத்தடுத்து. கடைசியில் ஜோர்டி வந்து கதவைச் சாத்தினார். 3-1. தொடர்ச்சியாக 53-வது வெற்றி, தொடர்ந்து மூன்றாவது பட்டம். அதற்கு முன்னால் 1988 முதல் 1990 வரை யூசிஎல்ஏ மட்டுமே மூன்று முறை தொடர்ந்து வென்றிருந்தது. உலகத் தொடர் முழுவதிலும் ஒரு ரன்கூட விடாத ஜோர்டிதான் தொடரின் சிறந்த வீராங்கனை.

இந்தப் பெண்கள் ரொம்ப அலட்டுகிறார்கள், ஒவ்வொரு ஹோம் ரன்னுக்கும் இவ்வளவு ஆட்டம் பாட்டம் எதற்கு என்று அப்போது நிறைய பேர் குறைபட்டுக்கொண்டார்கள். எனக்கு அந்தக் குறை புரியவே இல்லை. ஊரில் நாங்கள் ஆடியபோது ஜெயித்தாலும் சத்தம் போடாமல் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏற வேண்டும். ஒரு பெண் தான் அடித்த அடிக்குத் தானே கத்திக் கொண்டாடுவதை என் மகள் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறாள் என்பது எனக்கு நிறைவாக இருந்தது.

பட்டம் வென்று சில நாளிலேயே ஜோர்டி பால் தன் சொந்த மாநிலமான நெப்ராஸ்காவுக்கு மாறிப் போய்விட்டார். எல்லாரும் இனி அவ்வளவுதான் என்றார்கள். ஓக்லஹோமா 2024-லும் பட்டம் வென்றது, டெக்சஸைத் தோற்கடித்து. தொடர்ந்து நான்கு முறை வென்ற முதல் அணி. அந்தத் தடவை முக்கிய பிட்சர், பக்கத்து ஓக்லஹோமா ஸ்டேட்டிலிருந்து மாறி வந்த கெல்லி மேக்ஸ்வெல். 2025-ல் அரையிறுதியில் தோற்றார்கள். தோற்கடித்தது டெக்சஸ் டெக், வீசியது ஸ்டான்ஃபோர்டிலிருந்து அங்கே மாறியிருந்த அதே கேனடி. அன்றைக்கு நான் அவருக்காகவும் மகிழ்ந்தேன், அதை மறைப்பதற்கில்லை.

இந்த விளையாட்டைப் பார்த்தே பழகாதவர்கள் இறுதியாட்டத்திலிருந்து தொடங்க வேண்டாம். கிளெம்சனோடு ஆடிய இரண்டாவது ஆட்டத்தை ஏழாவது இன்னிங்ஸிலிருந்து பாருங்கள். அப்புறம் ஸ்டான்ஃபோர்ட் அரையிறுதி. அதில் பேட்டரை விட்டுவிட்டு, கேனடி கையிலிருந்து பந்து விடுபடும் இடத்தையே கவனித்துக்கொண்டிருங்கள்.