குடித்தபோது வராத வலிப்பு, விட்டதும் வருவது ஏன்?

கேள்வி: என் கணவருக்கு 44 வயது. பல வருடங்களாகத் தினமும் குடிப்பவர். ஒவ்வொரு கார்த்திகையிலும் சபரிமலைக்கு மாலை போடும்போது ஒரேயடியாக நிறுத்துவார்; மலையிலிருந்து வந்ததும் மறுபடி ஆரம்பித்துவிடுவார். முன்பெல்லாம் இரண்டு நாள் கை நடுங்கும், அவ்வளவுதான். இந்த முறை மறுநாளே வலிப்பு வந்துவிட்டது. ஸ்கேனில் கோளாறு இல்லை; இப்போது நன்றாக இருக்கிறார். நிறுத்துவதுதான் ஆபத்து, கொஞ்சமாகக் குடிக்கட்டும் என்கிறார்கள் உறவினர்கள். சரியா?

பதில்: வேண்டவே வேண்டாம். அவர் நிறுத்தியது நல்ல காரியம். மருத்துவ உதவியில்லாமல் திடீரென்று நிறுத்தியதில்தான் ஆபத்து இருந்தது.

மூளை நரம்புகளை அமைதிப்படுத்துவது காபா என்ற ரசாயனம், தூண்டிவிடுவது குளூட்டமேட். இந்த ரசாயனங்களை வாங்கிக்கொள்ளும் நரம்பணுப் பகுதிகளை ஏற்பிகள் என்பார்கள். மது, காபா ஏற்பிகளின் வேலையைக் கூட்டும். குளூட்டமேட்டின் என்எம்டிஏ ஏற்பிகளை அடக்கும். தினமும் குடித்தால் மூளை இதை ஈடுகட்டப் பார்க்கும்: காபா ஏற்பிகள் மந்தமாகும், என்எம்டிஏ ஏற்பிகள் பெருகும். மது திடீரென நின்றதும் அடக்க ஆளில்லை, தூண்டுதல்தான் மிஞ்சுகிறது. பெரும்பாலும் கடைசியாகக் குடித்த 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வருவது இதனால்தான்.

போன வருடங்களில் ஏன் வரவில்லை? எலிகளின் மூளையில் முதலில் எந்த விளைவும் தராத மெல்லிய மின்தூண்டலையே நாள்தோறும் கொடுத்துவந்தபோது, ஒரு கட்டத்தில் வலிப்பு வந்ததை 1960-களில் கண்டறிந்தார்கள். குடியை விடும்போதும் இப்படித்தான் நடக்கிறது என்று 1978-இல் பேலஞ்சர், போஸ்ட் என்ற மருத்துவர்கள் விளக்கினார்கள். ஒவ்வொரு முறை விட்டுத் தொடங்கும்போதும் மூளையின் கிளர்ச்சி கூடிக்கொண்டே போகிறது. ஆகவே, ‘போன தடவை ஒன்றும் ஆகலையே’ என்பதை நம்பவே கூடாது.

இப்போது அவர் குடிக்காமல் இருப்பதால் அந்த ஏற்பிகள் மெல்ல மெல்லப் பழைய நிலைக்குத் திரும்பும். இந்த நேரத்தில் மனநல மருத்துவரைப் பாருங்கள். குடிக்கும் ஆசையைக் குறைக்க நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் போன்ற மாத்திரைகள் உண்டு. கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனை பார்த்து மருத்துவரே முடிவு செய்வார்.

ஒருவேளை மறுபடி தொடங்கிவிட்டால், அடுத்த முறை வீட்டில் நிறுத்த விடாதீர்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்து, டயஸிபாம் அல்லது லோரஸிபாம் என்ற அமைதிப்படுத்தும் மருந்தைக் கொடுத்து, அதன் அளவைச் சில நாட்களில் படிப்படியாகக் குறைப்பார்கள். தயமின் (வைட்டமின் பி1) ஊசியும் போடுவார்கள். மெடிக்கல் ஷாப்பில் நீங்களாக வலிப்பு மாத்திரை வாங்கித் தராதீர்கள். பலரும் கேட்கும் ஃபெனிடாயின் இந்த வகை வலிப்பைத் தடுப்பதில்லை.

வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கையில் சாவி, வாயில் ஸ்பூன் எதுவும் வேண்டாம். உடனே 108-ஐ அழையுங்கள். வலிப்பு நின்றுவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் வேண்டும். அடுத்த இரண்டு மூன்று நாட்களில் குழப்பம், காய்ச்சல், இல்லாத உருவங்கள் தெரிவது என்று உயிருக்கே ஆபத்தான நிலை வரக்கூடும்.